நாய்க்குட்டிக்குப் பயிற்சி: பொட்டுக்கடலை அளவு தீனி போதும்

போன ஐப்பசி மழையில், மதுரை ஆனையூரில் எங்கள் தெருக்கோடியில் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டுக்குள் தெருநாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது. எட்டு வாரம் ஆனதும் அதில் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். நிறத்தைப் பார்த்து அப்பத்தா செவலை என்று பெயர் வைத்தார்.

குட்டியைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லோர் கையிலும் பிஸ்கட் பாக்கெட். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், காலையிலிருந்து பொழுது சாய்வதற்குள் பதினோரு பிஸ்கட் தின்றிருந்தது. அன்று ராத்திரி சோற்றைத் தொடவில்லை, மறுநாள் வயிற்றுப்போக்கு. எல்லோரும் பாசத்தில் கொடுத்ததுதான். ஆனால் மைதா, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த அந்தப் பண்டம் வயிற்றை அடைத்ததே தவிர, குட்டிக்கு எதையும் சொல்லித் தரவில்லை. சும்மா படுத்திருந்தாலே வாய்க்கு வந்துவிடும் தீனிக்காக எந்தக் குட்டி எழுந்து வந்து உட்காரும்?

முதல்முறை நாய் வளர்க்கிறவர்களுக்காக, செவலையிடமும் அதற்கு முன் வளர்த்த இரண்டு நாய்களிடமும் நான் பழகியதை எழுதுகிறேன். கடையில் விற்கும் விலை உயர்ந்த தின்பண்டம் எதுவும் தேவையில்லை. நம் அடுப்படியில் இருப்பதே போதும். கொடுக்கிற நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஊசி

பயிற்சி தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் குட்டிகளைக் கொன்றுவிடக்கூடியவை. அவற்றுக்கான முதல் ஊசியை 6 முதல் 8 வாரத்துக்குள் போட்டு, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவார்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. நடுவில் பூச்சி மருந்தும் உண்டு. வயிற்றில் பூச்சி இருக்கும் குட்டிக்கு எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது.

ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்க வேண்டாம். 3 முதல் 14 வாரம் வரையிலான வயதில் பார்த்துப் பழகியவற்றைத்தான் நாய் பிற்பாடு பயமில்லாமல் ஏற்கும். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஆட்டோ போகட்டும், ஹெல்மெட் போட்ட ஆள் போகட்டும், மாட்டு வண்டி போகட்டும். ஒவ்வொன்றையும் குட்டி பார்த்ததும் ஒரு துண்டு தீனி. நாங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தோம்.

அடுப்படியில் செய்யும் தீனி

ஒரு துண்டு பொட்டுக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். முதல்முறை செய்கிற எல்லோரும் பெரிதாக நறுக்குவார்கள். பெரிய துண்டை மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்கு மறந்துவிடும். நான்கு துண்டில் வயிறு நிறைந்து அது படுத்தும்விடும். சிறிய துண்டாக இருந்தால் விழுங்கிய உடனே நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை நமக்கு வேண்டும்.

எல்லாவற்றிலும் வேகமாக வேலை செய்வது கோழி ஈரல். கறிக்கடையில் 100 கிராம் வாங்குங்கள், பித்தப்பை ஒட்டியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உப்பு, மிளகாய் எதுவும் சேர்க்காமல் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் சிவப்பு தெரியக் கூடாது. சூட்டோடு நறுக்கினால் மாவாக உதிரும், அதனால் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே நறுக்குங்கள். நறுக்கியதைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் புரட்டிக்கொண்டே இருந்தால் ஓரங்கள் கறுத்து, துண்டுகள் கல்லில் உருள ஆரம்பிக்கும். அப்போது இறக்கிவிடலாம், கையில் பிசுபிசுக்காது. 100 கிராமில் நூறு துண்டுக்கு மேல் தேறும். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அன்றைய சோற்றில் பிசைந்துவிடலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் இதைக் கடினமான பாடங்களுக்கு என்று ஒதுக்கிவைத்துவிடுவேன்.

தினசரிக்கு ஏற்றது கேழ்வரகும் பரங்கிக்காயும். பரங்கிக்காயை இட்லிக் கொப்பரையில் அவித்து மசித்தால் அரை டம்ளர் வேண்டும். அதோடு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, ஒரு முட்டை. தண்ணீர் தேவைப்படாது, பரங்கிக்காய் ஈரமே போதும். அடைபோல மெல்லிசாகத் தட்டி, சிறுதீயில் இரண்டு பக்கமும் நன்றாகக் காயவிட்டு, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறிவிடுங்கள். ஆறியபின் கீறிய இடத்தில் உடைத்தால் சின்னச் சின்னத் துண்டாக வரும். முட்டை சேர்க்காத வீடுகளில் ஒரு கரண்டி தயிர் விடலாம். சுத்த சைவ வீட்டுக்காரர்கள் உப்பில்லாத பனீரையும் அவித்த காரட்டையும் நம்பலாம், குட்டிகள் விரும்பித்தான் தின்னும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து, மெல்லிய வில்லையாக அரிந்து, மாடியில் மேலே துணி கட்டிக் காயவைத்தால் அருமையான மெல்லுதீனி. மதுரையின் சித்திரை வெயிலுக்கு இரண்டு நாள் போதும். துணியை இறுக்கிக் கட்டுங்கள், அணில் விடாது. இன்னொன்று, உப்பில்லாத கெட்டித் தயிரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பது. நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு நமநமவென்று இருப்பதால்தான் செருப்பு, நாற்காலிக் கால் எல்லாவற்றையும் கடிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு தயிர்க்கட்டி அதற்கு எவ்வளவு ஆறுதல் என்பதை, அதை நக்கிக்கொண்டே கண்ணை மூடுவதைப் பார்த்தால் தெரியும்.

எந்தப் புதுத் தீனியானாலும் முதல் இரண்டு நாள் அதை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்து, மலம் இளகுகிறதா என்று பாருங்கள். ஒருநாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது. இதற்குக் கணக்கெல்லாம் போட வேண்டாம். காலையில் ஒரு சின்ன டப்பாவில் அன்றைக்கு உரியதை எடுத்து வைத்துவிட்டு, டப்பா காலியானால் அன்றைய தீனி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரலும் அடையும் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். வெயில் காலத்தில் வெளியே எடுத்துப் போய் மீந்த ஈரலைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

இவற்றைக் கொடுக்கவே கூடாது

நம் ஊரில் அதிகம் நடப்பது பரோட்டாக் கடை விவகாரம். ராத்திரி மீந்த பரோட்டாவில் சால்னாவை ஊற்றி நாய்க்கு வைப்பது நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சால்னா என்றாலே வெங்காயமும் பூண்டும்தான். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சிறு குட்டி சிறிதளவு தின்றால்கூட ஆபத்து. சாம்பார், குருமா, பிரியாணி எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு, எனவே புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். சாக்லேட், காப்பித்தூள், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் மூன்றும் விஷம். வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம். மாம்பழச் சதை ஒரு துண்டு பரவாயில்லை, கொட்டை தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தவறித் தின்றுவிட்டால் என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சபாஷ்

முதல் பாடம் ஒரு சொல்தான். குட்டி சரியாகச் செய்த நொடியை அதற்குச் சுட்டிக்காட்டும் சொல். வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் சொல்லாக இருக்கக் கூடாது, ‘சரி’, ‘நல்லது’ எல்லாம் உதவாது. நாங்கள் ‘சபாஷ்’ என்பதை எடுத்துக்கொண்டோம், வீட்டில் யாரும் வேறு எதற்கும் அதைச் சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு முன், குட்டிக்கு லேசாகப் பசி இருக்கும்போது எதிரில் உட்காருங்கள். கையில் பத்துத் துண்டு. ‘சபாஷ்’ என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி சபாஷ், மறுபடி துண்டு. குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொல் முதலில், தீனி அடுத்த நொடியில். கை முந்திவிட்டால் குட்டி கையைத்தான் பார்க்கும், சொல்லைக் கேட்காது. இரண்டு மூன்று நாளில், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் குட்டி ‘சபாஷ்’ கேட்டதும் வெடுக்கென்று திரும்பும். அப்படித் திரும்பினால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

எந்தப் பாடமானாலும் ஒருதடவைக்கு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. நாளுக்கு மூன்று தடவை. குட்டி கொட்டாவி விட்டாலோ தரையை மோந்துகொண்டு போனாலோ அப்போதே நிறுத்திவிடுங்கள்.

உட்காருவது

ஒரு துண்டை விரல்நுனியில் பிடித்துக் குட்டியின் மூக்குக்கு நேரே கொண்டுபோங்கள். அது மோந்ததும் கையை மெதுவாகத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். தரை தொட்ட அந்த நொடியில் சபாஷ், தீனி. குட்டி எம்பிக் குதித்தால் கையை மிக உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் நகர்ந்துகொண்டே போனால் அதைச் சுவரோரம் நிறுத்திச் செய்யுங்கள். முதுகை அமுக்கி உட்காரவைக்காதீர்கள், குட்டியின் இடுப்பு எலும்பு இன்னும் முற்றாதது. அதோடு, அமுக்கினால் எதிர்த்துத் தள்ளத்தான் அதற்குத் தெரியும்.

ஐந்தாறு தடவை தானாக உட்கார்ந்த பிறகுதான் ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்புறம் கையில் தீனி இல்லாமல் அதே கைச்சைகை, தீனி மற்றொரு கையிலிருந்து வரட்டும். இந்தக் கைச்சைகையை விட்டுவிடாதீர்கள். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றுக்கு எல்லாப் பாடமும் கையால்தான். சபாஷுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம்.

இங்கிட்டு

கூப்பிட்டால் வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பாடம், நான் தப்புச் செய்ததும் இதில்தான். எங்கள் வீட்டில் அம்மா ‘வாடி’ என்பார், தம்பி ‘கம்’ என்பான், அப்பத்தா ‘ஏ செவலை, இங்கிட்டு வா’ என்பார். குட்டிக்கு எது தன்னைக் கூப்பிடுகிற சொல் என்றே புரியவில்லை. போதாததற்கு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ‘வா’ என்று அன்பாகக் கூப்பிட்டு, வந்ததும் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினேன். மூன்றாவது வாரம் ‘வா’ என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்வதைவிடப் புதுச் சொல் எடுப்பது சுலபம். அப்பத்தாவின் ‘இங்கிட்டு’ என்பதையே எல்லோரும் சொல்வது என்று முடிவு செய்தோம். முதலில் இரண்டடி தூரத்தில் நின்று ஒருதடவை மட்டும் ‘இங்கிட்டு’. வந்ததும் சபாஷ், ஈரல். ஆம், ஈரல். இதற்குக் காரட் போதாது. பிறகு ஒரு அறை தூரம், பிறகு மாடிக்கும் கீழுக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் குட்டிக்கு அது விளையாட்டு. பத்துத் தடவை கத்தாதீர்கள், ஒருதடவை கூப்பிட்டு வராவிட்டால் நீங்கள் திரும்பி ஓடுங்கள், துரத்திக்கொண்டு வரும். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கட்டிப்போட இந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. அதற்கெல்லாம் நாமே போய்த் தூக்க வேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. வந்ததற்குத்தான் திட்டு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

விடு

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைத் தெரு வழியாக நடந்தால் இந்தப் பாடத்தின் அருமை தெரியும். மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்துக் குட்டியின் முன் நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், லேசாகக் கடிக்கும். பேசாமல் இருங்கள். சலித்துப்போய் மூக்கை எடுக்கும். அந்த நொடியில் சபாஷ். தீனி அந்தக் கையிலிருந்து அல்ல, மற்றக் கையிலிருந்து. தானாக விலக ஆரம்பித்ததும் ‘விடு’ என்ற சொல்லைச் சேர்த்து, விரித்த உள்ளங்கை, தரையில் செருப்புக்கு அடியில் வைத்த துண்டு, பிறகு வாரோடு நடக்கும்போது ரோட்டோர எலும்பு என்று படிப்படியாகப் போகலாம். செவலைக்கு மூன்று வாரம் ஆனது.

கையைக் கடித்து விளையாடும் குட்டிக்கும் அடி வேண்டாம். பல் பட்டதும் கையை அசைக்காமல் நிறுத்தி, மற்றக் கையால் முடிச்சுப் போட்ட பழைய துணியை நீட்டுங்கள். துணியைக் கடித்தால் விளையாட்டுத் தொடரும். மறுபடி கையைக் கடித்தால் எழுந்து போய்விடுங்கள்.

ஒன்றுக்கு, இரண்டுக்கு

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். மாடிவீட்டுக்காரர்கள் பால்கனி மூலையில் ஒரு தட்டில் மண் போட்டு வைக்கலாம். இருந்து முடித்ததும் அங்கேயே, அப்போதே தீனி. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாகிவிடும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வீட்டுக்குள் போய்விட்டால் அதில் மூக்கைத் தேய்ப்பது கொடுமை, பயனும் இல்லை. நாம் பார்க்காத இடமாகத் தேடிப் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு, அடுத்தமுறை கொஞ்சம் முன்னதாகத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெடி, உண்ணி, வெயில்

மதுரையில் வெடிச் சத்தத்துக்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். கல்யாண ஊர்வலம், கோவில் கொடை, சாவு ஊர்வலம் எல்லாவற்றிலும் வெடி, கூடவே கொட்டும். செல்போனில் வெடிச் சத்தத்தை மிக மெல்லிசாக ஓடவிட்டு, அது கேட்கும்போதெல்லாம் தீனி, நின்றதும் தீனி இல்லை என்று பழக்குங்கள். காது பின்னால் மடங்கினாலோ வாலை இடுக்கினாலோ சத்தம் அதிகம், குறையுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு புள்ளி ஏற்றினால் போதும். அவசரப்பட்டால் எல்லாம் பாழ்.

உண்ணி நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும்தான் ஒளியும். அங்கே கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் நாயிடம் உண்ணி பிடுங்குவது பெரும்பாடு. குட்டியாக இருக்கும்போதே தினமும் பாதத்தை ஒரு நொடி பிடித்துவிட்டு சபாஷ், தீனி. காது மடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு சபாஷ், தீனி. இப்போது செவலை தானாகவே முன்னங்காலை நீட்டுகிறது. மருத்துவரிடம் ஊசி போடும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

வெயில் காலத்தில் வெளிப் பயிற்சி காலை ஏழு மணிக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து ரோடு ஆறிய பிறகு. புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் பொறுக்காது.

தீனியைக் குறைப்பது

காலம் முழுக்கக் கையில் ஈரலோடு அலைய வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். பத்துத் தடவை சொல்லி எட்டுத் தடவை சரியாகச் செய்ய ஆரம்பித்ததும், இரண்டு தடவைக்கு ஒரு துண்டு, பிறகு எப்போது வரும் என்று தெரியாதபடி அவ்வப்போது ஒரு துண்டு. தீனி இல்லாத தடவையும் ‘சபாஷ்’ சொல்லிக் கழுத்தைச் சொறிந்துவிடுங்கள். ஆறு மாத வாக்கில் எல்லாம் மறந்ததுபோல் நடந்துகொள்ளும், அது வயதுக் கோளாறு. கோபப்படாமல் கொஞ்ச நாள் பழையபடி ஒவ்வொரு தடவையும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

‘இங்கிட்டு’ என்பதற்கு மட்டும் நான் தீனியைக் குறைக்கவே இல்லை. போன மாதம் ஒருநாள் காலை, தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். செவலை எதிர்ச்சாரியில் ஒரு பூனையைப் பார்த்துவிட்டு ரோட்டில் பாதி தூரம் போய்விட்டது, திருப்பத்தில் லாரி. அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை, ‘இங்கிட்டு’ என்று ஒரே குரல்தான் கொடுத்தார். செவலை சட்டென்று திரும்பி ஓடிவந்து அவர் மடியில் தலையை வைத்தது. வாசல் மாடக்குழியில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சின்ன டப்பா உண்டு, உள்ளே நன்றாகக் காய்ந்த கேழ்வரகு அடைத் துண்டுகள். அப்பத்தா அன்று அதை அப்படியே அதன் முன்னால் கவிழ்த்தார். உங்கள் வாசலிலும் ஒரு டப்பா இருக்கட்டும், அடிக்கடி பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.